இடம்பெயர்ந்துபோன பி வகுப்பு

9

கஜேந்தினியின் காலில் சப்பாத்து ஏறவில்லை.

பாடசாலை அதிபரின் மனைவி கொடுத்தனுப்பிய சப்பாத்து. அவருடைய மகள் போட்டுக் கழித்தது. ராக்காயி சின்ன மகளின் குதிக்காலில் தேங்காயெண்ணெய் தடவி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

“நோகுதம்மா.”

“நோகட்டும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எத்தனை புள்ளைக்கு இது கெடைக்குது?”

மூத்தவள் ராஜினி குசினி வாசலில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். போரில் சவுக்காரத்துக்கு அரசாங்கம் தடை போட்ட நாளிலிருந்து உடுப்பெல்லாம் சாம்பல் தண்ணீரில்தான் தோய்க்கிறார்கள். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருப்பதில்லை. ஆனால் தங்கையின் சட்டை இன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. அதுவும் அதிபர் வீட்டிலிருந்து வந்ததுதான்.

போன வெள்ளிக்கிழமை அதிபர் குலவீரசிங்கம் ராஜினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

“பிள்ளை, உம்மட தங்கச்சி கெட்டிக்காரி. பி வகுப்பில கிடந்தால் பழுதாப் போயிடுவாள். ஏ வகுப்புக்கு எடுக்கிறன். புலமைப்பரிசில் சோதினை எழுதட்டும்.”

“நன்றி சேர்.”

“உம்மட நியமனத்துக்கும் நான் ஒரு வரி எழுதிவிடுறன். எத்தினை நாளைக்குத்தான் சம்பளமில்லாமல் படிப்பிக்கிறது?”

அதற்கும் அவள் நன்றி சொன்னாள். ஏன் இந்தத் திடீர் இரக்கம் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். தொண்டர் ஆசிரியையாக இரண்டாவது வருடமாக அந்தப் பாடசாலையில் நிற்பவளுக்கு, அங்கே ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை என்பது தெரியும்.

கூழாவடிமடுப் பாடசாலையில் முதலாம் ஆண்டிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். புள்ளி பார்த்துத்தான் பிரிக்கிறோம் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு சோதனையும் வைப்பதற்கு முன்பே பிரித்தாகிவிடும். ஊர்க்காரரின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், பட்டணத்துப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஏ வகுப்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியேற்றத்தின் பிள்ளைகள் பி வகுப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கலவரத்தில் அடிபட்டு, லொறியில் ஏறி வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். ராஜினியின் தகப்பன் ஆண்டியப்பனும் அப்படி வந்தவர்தான். ராஜினி தவழ்ந்தது இந்த மண்ணில். தகப்பன் இன்றைக்கும் ‘ஆமா’ என்பார். மகள்கள் இருவரும் ‘ஓம்’ என்பார்கள்.

“அப்பா எங்கயம்மா?”

“விடியக்கருக்கல்லயே போயிட்டாரு. தோட்டத்துல பழம் புடுங்குறாங்களாம்.”

ராக்காயி மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ராஜினி அதைக் கவனித்தாள். ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

பாடசாலை வளவின் ஓரத்தில், குண்டுவீச்சுக்குப் பதுங்குகிற பங்கருக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டில். அதுதான் ஐந்தாம் ஆண்டு பி வகுப்பு.

கொட்டில் வெறுமையாக இருந்தது.

பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் இல்லை. கரும்பலகை தட்டிப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தட்டியில் ஒரு புதிய காகிதம்: ‘வாசிப்பு மூலை’. நிலத்து மண்ணை யாரோ தும்புத்தடியால் ஒழுங்காகக் கூட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் காலடிகூட அதில் இல்லை.

அதிபர் பின்னாலேயே வந்தார். கையில் திருநீறு மணந்தது.

“பிள்ளையள் எங்க சேர்?”

“அவையளுக்கு இண்டைக்கு வெளிவேலை. வாழ்க்கைத்திறன்.”

“எங்க?”

“தலைவற்ற மிளகாய்த் தோட்டத்தில. உம்மட கொப்பர்தானே விடிய வந்து கூட்டிக்கொண்டு போனவர். உமக்குச் சொல்லேல்லையே?”

தலைவர் என்றால் பாடசாலை அபிவிருத்திச் சபைத் தலைவர் வினாசித்தம்பி. அவருடைய தோட்டத்தில்தான் ஆண்டியப்பன் கூலிக்கு நிற்கிறார்.

“பத்து மணிக்குக் கல்விக் கந்தோரில இருந்து அமராவதி மிஸ் வாறா,” என்றார் அதிபர். “ஐஞ்சாம் ஆண்டுப் பாடப்புத்தகம் ஐம்பது பிள்ளைக்கு எடுத்தனாங்கள். சோதினைக்கு இருபது பேரின்ர பேர்தான் அனுப்பினனாங்கள். மிச்சம் எங்கயெண்டு கேக்கினம். மிச்சம் இடம்பெயர்ந்திட்டுது. இந்த நாட்டில ஆர்தான் இடம்பெயரேல்லை? ஒருத்தரும் ஆச்சரியப்படமாட்டினம்.”

“சேர், அவையள் ஒவ்வொரு நாளும் வருகினமே.”

“இஞ்ச பாரும். இருபது பேர் எழுதி ஒன்பது பேர் பாஸ் எண்டால் எப்பிடி இருக்கும்? ஐம்பது பேர் எழுதி அதே ஒன்பது பேர் எண்டால் எப்பிடி இருக்கும்? நீரும் கணக்குப் படிச்சனீர்தானே. போன வருசம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பாராட்டி மாலை போட்டினம். நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்.”

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் வெற்றிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

“நீர் இண்டைக்கு நூலக ரீச்சர். ஐஞ்சாம் ஆண்டுக்கு ஒரு வகுப்புத்தான். விளங்குதோ?”

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அமராவதி சைக்கிளில் வந்தார். முரசுமோட்டைப் பக்கத்திலிருந்து மிதித்து வந்த களை முகத்தில் தெரிந்தது. சேலைக் கரை முழுக்கச் செம்மண். ஐம்பது வயதிருக்கும். தேநீர் வேண்டாம் என்றார். நேரே ஏ வகுப்புக்குப் போனார்.

ஏ வகுப்பு ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். வாய்க்கணக்குக் கேட்டார், கைகள் உயர்ந்தன. அதிபர் சுவரோரம் நின்று ஒவ்வொரு சரியான பதிலுக்கும் தலையாட்டினார். ராஜினி வாசலில் நின்றாள்.

“கெட்டிக்காரப் பிள்ளையள்,” என்றார் அமராவதி. “சரி, உங்களோட படிச்ச மற்றப் பிள்ளையள் எங்க?”

ஊர்ப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பையன் கொட்டில் பக்கம் திரும்பப் போனான். அதிபர் இருமினார்.

இரண்டாம் வரிசையில் கஜேந்தினி எழுந்தாள்.

“அவையள் இடம்பெயர்ந்து போட்டினம் மிஸ். போன மாசம். குடும்பத்தோட.”

“எங்க?”

“மல்லாவிப் பக்கம் மிஸ்.”

தேவாரம் பாடுகிற குரலில் சொன்னாள். தடக்கவில்லை. கண்கூடத் தாழவில்லை. அதிபர் கிட்டப் போய் அவள் கன்னத்தைத் தட்டினார்.

ராஜினி தங்கையையே பார்த்தாள். அந்தப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உருண்டவள். போன கிழமைவரைக்கும் பி வகுப்பில் வடிவு என்ற சிறுமியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தவள். வடிவு இல்லாமல் தண்ணீர் குடிக்கவும் போகமாட்டாள்.

அமராவதி வாசலைக் கடக்கும்போது நின்றார்.

“நீர் தொண்டர் ஆசிரியையோ? எந்த வகுப்பு?”

அதிபர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூலகம் மிஸ்,” என்றாள் ராஜினி.

சொன்ன கையோடு வாய்க்குள் ஏதோ அழுகிய பொருள் பட்டது போல் இருந்தது. துப்ப வேண்டும் என்று நினைத்தாள். விழுங்கினாள்.

இடைவேளை மணி அடித்தது. விருந்தாளியை அதிபர் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வளவை ஒட்டியே வீடு. ஊர்க்கோழிக் குழம்பு வாசம் பாடசாலை முழுவதும் வீசியது. வினாசித்தம்பியின் மோட்டார் சைக்கிள், எண்ணெய்த் தட்டுப்பாட்டிலும் புகை கக்கிக்கொண்டு, அந்த வீட்டுப் படலையில் வந்து நின்றது.

கஜேந்தினி ஓடி வந்தாள்.

“அக்கா, நான் நல்லாச் சொன்னனானே?”

“ஆர் சொல்லித் தந்தது?”

“பெரிய சேர். மல்லாவி எண்டது மட்டும் நானாச் சேர்த்தது.” அவள் முகத்தில் பெருமை. “எங்கயெண்டு கேட்டால் என்ன சொல்லுறதெண்டு அவர் சொல்லித்தரேல்லை. நான்தான் உடன யோசிச்சனான்.”

ராஜினிக்குக் கை எழும்பியது. அடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து அருவருப்புப்பட ஏலுமா? ஏலும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையாவது ஒருவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். தனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சைக்கிளை எடுத்தாள்.

“எங்க போறாயக்கா?”

அவள் பதில் சொல்லாமல் ஏறி மிதித்தாள்.

வினாசித்தம்பியின் தோட்டம் குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. தூரத்திலிருந்தே வேலி வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டப் போனபோதுதான் அது சட்டைகள் என்று தெரிந்தது. மிளகாய்ச் சாயம் பிடிக்காமல் இருக்கப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைக் கழற்றி வேலிக்கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பையன்கள் வெறும் மேலோடும், சிறுமிகள் உள்சட்டையோடும் பாத்திகளுக்குள் குனிந்து நின்றார்கள்.

பங்குனி வெயில். பழுத்த மிளகாயின் காரம் காற்றிலேயே இருந்தது. ராஜினிக்கு மூக்கு எரிந்தது.

“ரீச்சர்!”

சங்கிலி என்ற பையன்தான் முதலில் கண்டான். எழும்பி வந்தான். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வியர்வையைத் துடைக்கப் போய் மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறான். வாய்க்கால் ஓரத்தில் வடிவும் இன்னும் இரண்டு சிறுமிகளும் விரல்களைச் சேற்றுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். சேறு கொஞ்சம் குளிர்ச்சி. அழக்கூட இல்லை. அழுதால் கண்ணைத் துடைக்க வேண்டி வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆண்டியப்பன் கடகத்தைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“என்ன புள்ள, பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சா?”

“இதென்ன அப்பா?”

“தோட்டத்து ஐயா சொன்னாரு. இன்னிக்கு ஒரு நாளு. சும்மா சொல்லக்கூடாது, தேயிலக் கொழுந்து பறிக்கிறாப்புல என்னமா பறிக்குதுக! ரத்தத்துல இருக்கு.”

மெய்யான பெருமையோடு அவர் அதைச் சொன்னார். அதுதான் ராஜினியால் தாங்க முடியாமல் இருந்தது.

“நீங்கள் கொழுந்துக் காட்டை விட்டு வந்தது இதுக்கோ? இஞ்ச வந்து கங்காணி வேலை பாக்கவோ?”

ஆண்டியப்பனின் முகம் சுருங்கியது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம நெலத்துக்குப் பேர்மிட்டு இல்ல. அந்தாளு ஒரு வார்த்த சொன்னாத்தான் கெடைக்கும். ஒன் வேலைக்கு அதிபர் கையெழுத்து வேணும். பாப்பா பரிச்சை எழுதணும். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சேன்.”

“இந்தப் பிள்ளையளை யோசிக்கேல்லையோ?”

“யோசிச்சேன்.”

கடகத்தைக் கீழே வைத்தார்.

“யோசிச்சுத்தான் இதுகள விட்டுட்டு நம்ம புள்ளைங்கள எடுத்துக்கிட்டேன்,” என்றார்.

ராஜினி தகப்பனைப் பார்த்தாள். இந்த மனிதரின் கையால் எத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறாள்! இன்றைக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் சொன்ன கணக்கில் தானும் ஒரு பங்கு என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

“எல்லாரும் கையைக் கழுவுங்கோ,” என்று பிள்ளைகளைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “சட்டையைப் போடுங்கோ. பள்ளிக்கூடம் போறம்.”

ஒருவரும் அசையவில்லை.

“ரீச்சர், பெரிய சேர் அடிப்பாரோ?” என்று வடிவு கேட்டாள்.

“அடிச்சால் முதல் எனக்குத்தான் அடிப்பார். வாங்கோ.”

ஆண்டியப்பன் ஓடி வந்து சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார்.

“போகாத புள்ள. போனா எல்லாம் போயிரும். நெலம், வேலை, பாப்பா படிப்பு, எல்லாம்.”

“கையை எடுங்கோ அப்பா.”

“நாலு பேரும் நடுத்தெருவுல நிக்கணும்.”

“கையை எடுங்கோ!”

அவர் எடுக்கவில்லை. ராஜினி சைக்கிளை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தாள்.

அதிபர் வீட்டு முற்றத்தில் அவர்கள் வந்து நின்றபோது விருந்து முடிந்திருந்தது. வினாசித்தம்பி கதிரையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அமராவதி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். அதிபரின் மனைவி வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்தவர், முற்றத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

முப்பது பிள்ளைகள். சிவந்த கண்கள். சட்டைகளில் மாறிப் பூட்டிய தெறிகள். அவர்களோடு மிளகாய்க் காரமும் வந்தது. அமராவதி தும்மினார்.

“இவையள் ஆர்?”

“ஐஞ்சாம் ஆண்டு பி வகுப்பு மிஸ்,” என்றாள் ராஜினி.

“நீர் நூலகம் எண்டனீர்.”

“அது பொய் மிஸ்.”

“அந்தச் சின்னப் பிள்ளை சொன்னது?”

“அதுவும் பொய். அவள் என்ர தங்கச்சி.”

அதிபர் குலவீரசிங்கத்துக்கு முகம் கறுத்தது. பிறகு வந்த வார்த்தையை அவர் எத்தனையோ நாளாக வாயிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“வடக்கத்தையான் புத்தியைக் காட்டிப்போட்டாய் பாத்தியோ! உண்ட வீட்டுக்கு... சீ! உன்னையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டன் பார், என்னைச் செருப்பால அடிக்கவேணும்.”

‘நீர்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். வடக்கத்தையான் என்று மலைநாட்டாரை ஏசுகிற அந்தச் சொல்லை அவர்கள் முதல் முறை கேட்பதாகத் தெரியவில்லை.

“பொறுங்கோ அதிபர்,” என்றார் அமராவதி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். “ஐஞ்சாம் ஆண்டெண்டால் வாசிக்கத் தெரியவேணும். புத்தகம் ஒண்டு தாங்கோ.”

முற்றத்துக் கூழாமரத்தின் கீழே பிள்ளைகள் இருந்தார்கள். அமராவதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சங்கிலி வீங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பந்தியைத் தடக்காமல் வாசித்தான். வடிவும் வாசித்தாள். இன்னும் ஓரிருவர். அதற்குப் பிறகு வந்தவர்கள் எழுத்துக்கூட்டினார்கள். சிலர் எழுத்தையே கூட்டவில்லை. ஒரு பையன் புத்தகத்தை வாங்கி, படத்தைப் பார்த்து, “மாடு,” என்றான். பாடம் மழையைப் பற்றியது.

ராஜினிக்கு இது புதிதில்லை. தினமும் அந்தக் கொட்டிலில் அவள் போராடியது இதோடுதான். ஆனால் முற்றத்தில், இத்தனை பேர் முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் வாயைத் திறந்து மூடியபோது அவளுக்கு உடம்பு கூசியது. இவர்களை இங்கே இழுத்து வந்து நானே அம்மணமாக்கிவிட்டேனோ?

அதிபர் சிரித்தார்.

“பாத்தியளோ மிஸ்? இதுகளைச் சோதினைக்கு விட்டு என்ர பள்ளிக்கூடத்தின்ர பேரைக் கெடுக்கச் சொல்லுறியளோ?”

“பாத்தன்,” என்றார் அமராவதி. “ஐஞ்சு வருசமா ஆற்ற பள்ளிக்கூடத்தில இருந்ததுகள்?”

அமராவதி ராஜினியின் பக்கம் திரும்பினார்.

“நீர் வாறதுக்கு முதல் இவையளுக்கு ஆர் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் இல்லை மிஸ்,” என்றாள் ராஜினி. “நான் வரேக்க நாலாம் ஆண்டு. அதுவரைக்கும் கொட்டில்ல இருத்தி விட்டிருந்தவை. வளவு கூட்டுறது, தண்ணி அள்ளுறது, கக்கூசு கழுவுறது.”

வினாசித்தம்பி கதிரையிலிருந்து எழுந்தார். தொண்டையைச் செருமினார். “மிஸ், சின்ன விசயம். ஊரோட கதைச்சுத் தீர்க்கலாம். வெற்றிலை போடுங்கோ.”

அவர் வாங்கி நீட்டிய தட்டை அமராவதி பார்த்தார். சற்று முன்தான் இந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். அது இப்போது அவர் முகத்தில் தெரிந்தது. தட்டைப் புறங்கையால் தள்ளினார்.

“இவ்வளவு பேரின்ர பேரும் போகும். பேர்க்கட்டு நாளைக்கு ஓமந்தையால வவுனியாவுக்குப் போகுது. அதுக்குள்ள நானே எழுதி, நானே கையெழுத்து வைப்பன். பாஸ் பண்ணுறதும் விடுறதும் அதுகளின்ர பாடு. எழுத விடுறது எங்கட வேலை.”

பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜினி கும்பிடக் கையெடுத்தாள்.

“எனக்குக் கும்பிடு வேண்டாம்,” என்றார் அமராவதி. “நீரும் காலமை என்னட்டப் பொய் சொன்னனீர். அதையும் எழுதுவன். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருவன். இடம்பெயர்ந்த கதையை அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு அவளிட்டையே கேக்கப்போறன். பெரியாக்களின்ர கதை எனக்குப் போதும்.”

பொழுது சாய்ந்து ஆண்டியப்பன் வீட்டுக்கு வந்தார். ராஜினியின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தட்டியில் சாத்தினார். கை கால் கழுவவில்லை. அடுப்படியில் உட்கார்ந்தார்.

கஜேந்தினி மூலையில் சுருண்டு கிடந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு ஏ வகுப்பில் அவளோடு ஒருவரும் பேசவில்லை. பள்ளி விட்டு வாய்க்காலைக் கடக்கும்போது பி வகுப்புப் பிள்ளைகளும் பேசவில்லை. வடிவு அவளைப் பார்த்துக் காறித் துப்பினாளாம். வந்ததிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். ராஜினி அவளைத் தேற்றவில்லை. தேற்ற மனம் வரவில்லை.

ராக்காயி தட்டை வைத்தாள். சோறு போட்டாள். ஆண்டியப்பன் தொடவில்லை.

“ஐயா கூப்பிட்டாரு,” என்றார். “அதிபரும் இருந்தாரு.”

அவரே தொடர்ந்தார்.

“கோவப்படல. நல்லவிதமாத்தான் பேசினாங்க. வெள்ளிக்கெழம அந்தம்மா வந்து கேக்குறப்ப, பாப்பா ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். நெலத்துக்குப் பேர்மிட்டு வந்துரும். பாப்பா ஏ வகுப்புலயே இருக்கலாம்.”

“என்ன வார்த்தை?” என்று ராஜினி கேட்டாள்.

ஆண்டியப்பன் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அக்காதான் சொல்லிக் குடுத்தான்னு.”

வெளியே எங்கோ நாய் குரைத்தது. ராஜினி தகப்பனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிரவேயில்லை.

“அப்ப தோட்டத்துக்குப் பிள்ளையளை அனுப்பினதும் நான்தானோ?”

“அதையும் ஒன்மேலதான் போடுவாங்க. ஒனக்கென்ன புள்ள, சம்பளமில்லாத வேலதானே. போனாப் போகுது. நீ படிச்சவ. வேற எங்கிட்டாச்சும் பொழைச்சுக்குவ. பாப்பா அப்பிடியில்ல.” அவர் மூலைப்பக்கம் திரும்பினார். குரல் இளகியது. “சொல்லிரு பாப்பா. ஒரே ஒரு வார்த்த.”

ராக்காயி எழுந்து வந்தாள். கணவன் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். சோற்றைப் பானைக்குள் திருப்பிக் கொட்டினாள்.

“பெத்த புள்ளையத் தின்னுட்டு வந்திருக்க. பசிக்காது ஒனக்கு,” என்றாள்.

“நான் யாருக்காக...”

“பேசாத.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். படலை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போனார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கஜேந்தினி எழுந்து உட்கார்ந்தாள். அழுகை நின்றிருந்தது. அவள் யோசிக்கிறாள் என்பது ராஜினிக்குத் தெரிந்தது. புருவத்தைச் சுருக்கி, வாய்க்கணக்குக்கு விடை தேடுவதுபோல் யோசித்தாள்.

“அக்கா.”

“என்ன?”

“நான் அப்பிடிச் சொன்னால், பிறகு நீ என்னோட கதைப்பியோ?”

ராக்காயி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ராஜினி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கதைப்பன் என்று சொல்லலாம். கதைக்கமாட்டன் என்று வெருட்டலாம். இரண்டும் நாக்கு நுனிவரைக்கும் வந்தன.

“தெரியேல்லை,” என்றாள்.

அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.